பதினேழாம் நம்பர் மாஸ்க்

மச்சானின் மாஸ்க் அன்று காலை தின்னர் டின்னுக்குள் கிடந்தது. மூக்குப் பகுதி மட்டும் வெளியே தெரிந்தது, குட்டையில் கிடக்கும் எருமை போல.

இடுக்கியால் தூக்கினேன். முகத்தில் படிய வேண்டிய சிலிக்கான் ஓரம் ஊறி உப்பியிருந்தது. இனி அது எந்த முகத்துக்கும் ஆகாது.

“பெயின்ட் ஒட்டியிருந்துச்சு மாப்ள. துடைச்சுப் பார்த்தேன், போகல. அதான் ஊறப் போட்டேன்,” என்றார் மச்சான்.

“இது மாஸ்க் மச்சான். பிரஷ் இல்ல.”

“ரெண்டுலயும் பெயின்ட்டுதானே ஒட்டுது.”

“டப்பா எங்க?”

“கழட்டி வச்சுட்டேன். அதுகூடத் தெரியாத ஆளா நான்?”

மாஸ்க்கின் இரு கன்னத்திலும் மாட்டுகிற வடிகட்டிகளைப் பட்டறையில் டப்பா என்பார்கள். மச்சானின் டப்பாக்கள் பெயின்ட் கலக்கும் மேஜைமேல் மூடாமல் மல்லாந்து கிடந்தன. உள்ளே இருக்கும் கரிக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் எல்லாம் கிடையாது. முகத்தில் இருந்தாலும் மேஜையில் இருந்தாலும் காற்றில் வரும் ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்து மாட்டும்போது பாதி உயிர் போயிருக்கும். வேலை முடிந்ததும் டப்பாவைப் பையில் போட்டு மூடுங்கள் என்று எட்டு மாதமாகச் சொல்கிறேன். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதியவனுக்குக் கொஞ்சம் மூச்சுப் பயிற்சி ஆகியிருக்கும்.

“வேற ஒண்ணு குடு மாப்ள. பெயின்ட்டுக்கு பஸ் காத்துக்கிட்டு நிக்குது.”

“நிக்கட்டும்.”

“என் தங்கச்சி இருந்தப்போ இப்படி எல்லாம் முகத்தத் தூக்கி வச்சுக்க மாட்டா.”

புது மாஸ்க் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் ஸ்ப்ரே அடிக்கும் அறையான பூத்தின் கதவுப் பக்கத்தில் நின்று, கையுறை போடுவதற்காக, அதை அங்கிருந்த ஆணியில் மாட்டினார். வாரைப் பிடித்து ஆணியில் மாட்டினால் மாஸ்க்கின் எடை முழுவதும் வாரில் தொங்கும். நாளடைவில் வார் தளர்ந்துவிடும். அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லி மராமத்துப் பிரிவுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை பார்க்கிறோம் என்றார்கள். இரண்டாம் முறை எந்த ஆணி என்றார்கள். மூன்றாம் முறை, ஒரு ஆணிக்கு இவ்வளவு எழுத்தா என்று சிரித்தார்கள்.

இது பஸ்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. மச்சான் ஸ்ப்ரே ஆட்களுக்குத் தலைவர். என் மனைவியின் அண்ணன். நான் மாஸ்க் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு முன்னால் நாலு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி.

பத்து மாதத்துக்கு முன் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. மூளையில் ஒரு ரத்தக் குழாய். வயது இருபத்தொன்பது. வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

நான் வேதியியல் படித்தவன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் குடிதண்ணீர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனபின் இரண்டு மாதம் அங்கே போகவில்லை. அவர்களும் பிறகு கூப்பிடவில்லை. மச்சான் பட்டறையில் போய்ப் பேசியிருக்கிறார். “படிச்ச பையன். வீட்ல உக்காந்து சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கான். இங்க உக்காந்து மாஸ்க்கைப் பார்க்கட்டும்.” மற்ற இடங்களில் அப்பா ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு மனைவியின் வேலை வந்தது.

வேலை கஷ்டமானதல்ல. மாலையில் மாஸ்க்குகள் வரும். டப்பாவைக் கழற்ற வேண்டும், அதில் தண்ணீர் படக்கூடாது. மூச்சு உள்ளே வரும் வால்வு, வெளியே போகும் வால்வு, வார், எல்லாவற்றையும் பிரித்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும். கிருமிநாசினியில் ஒரு முக்கு. மறுபடி அலசி, வெயில் படாமல் காயவைத்து, மாட்டி, பையில் போட்டு மூட வேண்டும். வெளியே போகும் வால்வு ஒரு பொத்தான் அளவுள்ள மெல்லிய ரப்பர் வட்டம். அதன் ஓரம் ஒரு இழை சுருண்டிருந்தாலும் மாஸ்க் வெறும் முகமூடி. கல்யாண வீட்டில் குழந்தைகள் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஆகும்.

கஷ்டம் எல்லாம் ஆட்களிடம்தான். ஒருவன் மூச்சு முட்டுகிறது என்று வால்வையே பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். தும்மல் என்று பேர் வாங்கிய ஒரு பெயின்டர் மாஸ்க்குக்குள் கைக்குட்டையை மடித்து வைத்தார், வியர்வைக்கு. “சார், மெத்து மெத்துன்னு இருக்கு. எல்லாருக்கும் வைக்கலாம்,” என்று யோசனையும் சொன்னார். ஓரம் முகத்தில் படியவே படியாது என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, “அக்கா சொன்னா புரியும் சார். நீங்க சொன்னா பரீட்சை மாதிரி இருக்கு,” என்றார்.

அக்கா. என் மனைவிக்கு இங்கே அதுதான் பேர். எட்டு மாதமாக இந்த அக்காவோடுதான் குடித்தனம்.

அவள் எழுதி வைத்த பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. சாய்ந்த எழுத்து. மற்ற வரிகளை எல்லாம் நீல மையிலும் ஒரே ஒரு வரியைச் சிவப்பிலும் எழுதியிருந்தாள்: வாரில் முடிச்சுப் போடாதே. வார் தளர்ந்தால் ஆட்கள் உடனே செய்வது அதைத்தான், பின்னால் ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் தூக்கும். மாஸ்க் கோணும், கன்னத்தோரம் சந்து விழும். சந்து கண்ணுக்குத் தெரியாது. ஆவிக்குத் தெரியும்.

முடிச்சைப் பற்றிப் பட்டறையில் அவள் பேரில் கதைகளே உண்டு. முடிச்சு இருந்தால் மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவாளாம். பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் முடிச்சுப் போட்ட மாஸ்க்கோடு பூத்துக்குள் போகப் பார்த்தபோது, கதவை மறித்து நின்று, “இது கழுத்துல போடற முடிச்சு இல்ல சார், அவிழ்க்காம இருக்கறதுக்கு,” என்றாளாம். இந்தக் கதையை எனக்கு ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் மேலதிகாரியின் பதவி ஒரு படி உயர்ந்தது.

மொத்தம் நாற்பத்திரண்டு மாஸ்க். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவி, வாரை இழுத்துப் பார்த்து, பதிவேட்டில் எதிரே டிக் போட்டு, ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் அதில் ஒழுங்கானவன். ஒரு டிக்குக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வேன்.

பதினேழு அவளுடையது. பெயின்ட் கலக்கும் அறைக்குள் போகும்போது அவள் போட்டுக்கொண்டது. பட்டறையில் இருக்கும் ஒரே சிறிய அளவு. அலமாரியின் கீழ்த்தட்டில், மூலையில், பைக்குள் இருந்தது. பதினாறு முடிந்ததும் என் பேனா பதினேழுக்கு டிக் போடும், ‘நன்று’ என்று எழுதும், பதினெட்டுக்குப் போகும். கை கீழ்த்தட்டுக்குப் போகாது. எட்டு மாதத்தில் எட்டு டிக்.

இதை யாரும் கேட்கவில்லை, புதுப் பெண் வரும்வரை.

அவள் வந்தது, மச்சான் மாஸ்க்கைத் தின்னரில் ஊறப் போட்ட அதே வியாழக்கிழமை. வேறொரு பட்டறையில் பஸ்ஸின் பக்கவாட்டில் கோடுகளும் எழுத்துகளும் அடித்தவள். கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு அடி நீளத்துக்கு, அளவுகோல் இல்லாமல், நூல் பிடித்தது போல் அடித்தாள். மச்சான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் சின்ன உருவம். மதியத்துக்குள் எல்லோரும் குருவி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பூத்துக்குள் போகுமுன் யாராக இருந்தாலும் மாஸ்க் பொருந்துகிறதா என்று நான் பார்க்க வேண்டும். தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே வாழைப்பழ வாசனையுள்ள திரவத்தில் நனைத்த காகிதம். மாஸ்க் மாட்டியவர் உள்ளே நின்று தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். வாசனை வரக்கூடாது. வந்தால் மாஸ்க் ஒழுகுகிறது.

“வாசனை வருதா?” என்றேன்.

“வருது சார். பழம் எங்க?”

வாரை இறுக்கச் சொன்னேன். மறுபடி வந்தது. இன்னும் இறுக்கினாள்.

“இதுக்கு மேல இறுக்கினா காது முன்னால வந்துடும் சார்.”

வேறு நடுத்தர அளவு ஒன்றைக் கொடுத்தேன். அதிலும் வாசனை. மூன்றாவதிலும் வந்தது. கூடாரத்திலிருந்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் மாஸ்க்கின் ஓரம் சிவப்பாகப் பதிந்திருந்தது, மூக்கிலிருந்து தாடைவரை.

“எங்கிட்ட குறை இல்ல சார். மூக்கு எங்கப்பா குடுத்தது. திருப்பிக் குடுக்க முடியாது.”

சூப்பர்வைசர் வந்தார். எதையும் நின்றுகொண்டே பேசுகிறவர். சிறிய அளவு மாஸ்க் வர எத்தனை நாள் என்றார். மூன்று வாரம் என்றேன்.

“மூணு வாரம் இவங்கள என்ன செய்யறது? வாசல்ல நிறுத்தி, போற வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லச் சொல்லவா? இந்த இடத்துக்கு ஆள் உடனே வேணும். திங்கட்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள்தான் பார்க்கணும்.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பழைய இடத்துல மாஸ்க்கே கிடையாது சார். முதலாளி கர்ச்சீப் குடுப்பார். கட்டிக்கிட்டு அடிக்கணும். ரெண்டு வருஷமா இருமல். இங்க மாஸ்க்குக்குன்னே ஒரு ரூம் இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன். சம்பளம்கூட அங்க கொஞ்சம் அதிகம்.”

“திருப்பி அங்க போவீங்களா?” என்றேன்.

“வேற எங்க போறது? கர்ச்சீப்புக்கு சைஸ் கிடையாதே. எந்த மூஞ்சிக்கும் பொருந்தும்.”

சூப்பர்வைசர் அதற்குள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பதினேழு. சிறிய அளவு. இருக்கே.”

“அது சரியில்ல.”

“என்ன சரியில்ல?”

“ரப்பர் போயிருக்கும்.”

“ஒண்ணாம் தேதி ‘நன்று’ன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு ஒம்பது. எட்டு நாள்ல போயிடுச்சா?” விரலை மேலே நகர்த்தினார். “அதுக்கு முந்தின மாசமும் நன்று. அதுக்கு முந்தியும் நன்று. இவ்வளவு நல்ல மாஸ்க் இந்தப் பட்டறையிலேயே கிடையாது போல.”

“பார்த்துட்டுச் சொல்றேன்.”

“பாருங்க. ரூம் உங்களது. திங்கட்கிழமை காலைல எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும். இவங்க முகத்துல மாஸ்க், இல்லன்னா ஏன் இல்லன்னு உங்க கையெழுத்து.”

அவருக்கு அது யாருடையது என்று தெரியும். தெரிந்ததால்தான் குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு ஒரு வழி இருந்தது. மச்சான். தங்கச்சி போட்ட பொருளை வேற யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாய்க்கு எதிரே சூப்பர்வைசர் நிற்க மாட்டார். நான் நல்லவனாகவே இருந்துவிடலாம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டி அனுப்புவார். என் அடுக்கை என் பக்கம் தள்ளினார்.

“பதினேழாம் நம்பரை அந்தப் பொண்ணுக்குக் கேக்கறாங்க மச்சான்.”

மென்றுகொண்டிருந்தார். விழுங்கினார்.

“குடு.”

நான் எதிர்பார்த்த பதில் இல்லை.

“அது அவ போட்டது.”

“தெரியும். அவதான் போயிட்டா. மாஸ்க் என்ன பாவம் பண்ணுச்சு? அந்தப் பொண்ணு கோடு அடிச்சதப் பார்த்தியா? எனக்கு இருபது வருஷம் ஆச்சு அந்தக் கை வர்றதுக்கு.” தண்ணீர் குடித்தார். “குடுக்கறதுக்கு முன்னாடி அந்த முடிச்ச மட்டும் அவுத்துடு.”

“எந்த முடிச்சு?”

அவர் கை வாய்க்கும் டிபன் அடுக்குக்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது, நான் என்ன கேட்டுவிட்டேன் என்று.

“வார்ல இருக்கிற முடிச்சு,” என்றார் மெதுவாக. “நீதானே மாசாமாசம் செக் பண்றே?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“மாப்ள.”

“அதைத் திறந்ததில்ல மச்சான்.”

“ஒரு தடவகூடவா?”

“இல்ல.”

அவர் அடுக்கை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். தின்னர் டின் விஷயத்தில் நான் பேசிய பேச்சுக்கு அவருக்கு உரிமை இருந்தது. திட்டவில்லை.

“முடிச்சு எப்படி வந்துச்சு?” என்றேன்.

“நான்தான் போட்டேன். அவ வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மூஞ்சி சின்னது இல்லையா. குனிஞ்சா வார் நழுவும். கலக்கற ரூமுக்குப் போகணும், அவசரம். நான் பின்னால நின்னு ஒரு முடிச்சப் போட்டு, போன்னு தள்ளிவிட்டேன். சின்ன வயசுல ஜடைக்கு ரிப்பன் கட்டிவிட்ட மாதிரி.” கையைத் துடைத்தார். “ஸ்பேர் வார் வந்ததும் மாத்திக்கறேன், யார்கிட்டயும் சொல்லாதண்ணேன்னா. நான் சொல்லல.”

“அப்புறம்தான் அந்தப் பலகையா?”

“அதுக்கு அடுத்த மாசம்,” என்றார்.

மாஸ்க் அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். கீழ்த்தட்டிலிருந்து பையை எடுத்தேன். மேலே அவள் எழுத்தில் 17. பையைத் திறந்தேன்.

கழுவி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தைத் தடவினேன், மெத்தென்று இருந்தது, விரிசல் இல்லை. வெளிமூச்சு வால்வு தட்டையாக, சுத்தமாக, பொருந்தி இருந்தது. நான் எழுதிய பொய் ஏறக்குறைய உண்மை. பின்வாரில், இடது பக்கம், முடிச்சு. நாலு வருடம் இழுபட்டு இழுபட்டு ஒரு மிளகு அளவுக்கு இறுகியிருந்தது.

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்பேர் வார்கள் இருந்த பெட்டி அதில்தான் இருக்கும். பெட்டியின் மேல், அது வந்த தேதியை அவள் எழுதியிருந்தாள். மூன்று வருடத்துக்கும் முந்திய தேதி. இருபது வார் வந்ததில் மீதி நாலு. பதினாறு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். யார் யாருக்கு, என்றைக்கு என்று பெட்டியின் மூடிக்குள் பட்டியல். தும்மலுக்கு இரண்டு முறை. மச்சானுக்கு ஐந்து முறை. பதினேழு அந்தப் பட்டியலில் இல்லை.

ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்குக் கோபம் வந்தது. இங்கே வந்த நாள் முதல் எல்லோர்மீதும் எரிச்சல் பட்டிருக்கிறேன். இது அதுவல்ல. இது அவள்மீது வந்தது. என் ஹெல்மெட் வார் பிய்ந்திருக்கிறது என்று ஒருநாள் வாசலில் நின்று வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள். கேஸ் குழாயைத் தேதி பார்த்து மாற்றியவள். கடைசி இரண்டு வாரம் அவளுக்குத் தலைவலி. டாக்டரிடம் போகலாம் என்றேன். சனிக்கிழமை போகலாம் என்றாள். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். அவசியமே இல்லை, வாரைத்தான் மாற்றப் போகிறேன். ஆனாலும் உட்கார்ந்தேன். நகத்தால் முயன்றேன். இடுக்கியால், பிறகு ஊசி முனையால். மச்சான் கட்டுகிற எதுவும் அவிழாது, வேன்மேல் ஏணி கட்டினாலும் அப்படித்தான். அரைமணி நேரம் போயிற்று. ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்தது. “அவிழேன் சனியனே,” என்று சத்தமாகச் சொன்னேன். வெளியே யாரோ நடந்து போனவர் நின்று, பிறகு போய்விட்டார்.

பலகையில் ஏழாவது வரி: கழித்த வாரை இரண்டாக வெட்டிப் போடு, யாரும் எடுத்து மாட்டக்கூடாது. கத்தரியை எடுத்தேன். முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினேன். இரண்டு துண்டையும் குப்பைக் கூடையில் போட்டேன். ஐந்து நிமிடம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

மாஸ்க்கைப் பிரித்துக் கழுவினேன், அலசினேன், காயவைத்தேன். புது வார் கோத்தேன். பிறகு பதிவேட்டை எடுத்து, எட்டு மாதத்தின் டிக்குகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எட்டாவது கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

சூப்பர்வைசர் சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“மாஸ்க் நல்லாத்தானே இருக்கு?”

“இப்ப நல்லா இருக்கு.”

“அப்புறம் எதுக்கு சார் இதை எழுதினீங்க? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி. தணிக்கைக்கு வர்றவன் ஒண்ணு பொய்னா மீதி நாப்பத்தொண்ணும் பொய்ம்பான்.”

“நாளைக்கு எல்லாத்தையும் மறுபடி பார்த்துடறேன்.”

“நாளைக்கு சனிக்கிழமை. அரைநாள்.”

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு மெமோ குடுக்க வேண்டி வரும்.”

“குடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அவங்களும் இப்படித்தான். வாயத் திறந்தா மெமோதான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நாற்பத்தொன்றையும் பார்த்தேன். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாம் சரியாக இருந்தன, மச்சானுக்கு வியாழக்கிழமை கொடுத்த புதியதைத் தவிர. அதன் வார் அதற்குள் ஆணித் துரு பட்டுப் பழுப்பாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை குருவி கூடாரத்துக்குள் நின்றாள். பதினேழு அவள் முகத்தில் அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. யாருடையது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. “சாதாரணமா பிடிங்க,” என்றேன்.

தலையைத் திருப்பினாள், குனிந்தாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினாள்.

“வாசனை?”

“இல்ல சார்.”

“நல்லா மூச்சு இழுங்க.”

“இழுக்கறேன். ஒண்ணுமே வரல. சோப்பு வாசனைதான் லேசா.”

மாஸ்க் இல்லாமல் ஒரு நொடி கூடாரத்துக்குள் தலையை விடச் சொன்னேன், மூக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க. முகத்தைச் சுளித்தாள். “அய்யோ, வண்டி நிறைய பழம்.”

சரி என்று எழுதினேன். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டிவிட்டு என் மெமோவையும் அனுப்பி வைத்தார்.

பதினொரு மணிக்கு நான் பூத் பக்கம் போனேன். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. கதவுக்கு வெளியே குருவி நின்றாள், மாஸ்க்கோடு. அவள் பின்னால் மச்சான். அவர் இரண்டு கையும் அவள் தலைக்குப் பின்னால் இருந்தது. பூத்துக்குள் பாதி கோடு அடித்த பஸ் நின்றது.

“என்ன நடக்குது?”

“குனிஞ்சா நழுவுதாம் மாப்ள. பெயின்ட் காயறதுக்குள்ள போகணும். பின்னால சின்னதா ஒரு...”

“மச்சான், கையை எடுங்க.”

“அட, தற்காலிகமாத்தான்...”

“கையை எடுங்க.”

நான் கத்தியிருக்க வேண்டும். பூத்துக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கையை எடுத்தார். எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது. தான் என்ன செய்யப் போனார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

குருவியை மாஸ்க் அறைக்கு அழைத்து வந்தேன். வார் புதியது, நழுவக் கூடாது. அப்படியானால் பக்கிள். வாரைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பிளாஸ்டிக் பக்கிளை வெளிச்சத்தில் பிடித்தேன். இடது பக்கத்துப் பற்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. என் மனைவிக்கு முதல் வருடம் நழுவியதும் வார் அல்ல, இதுதான். இழுத்துக் கட்டிய புதிதில் பிடித்து நிற்கும், நாலு முறை குனிந்து நிமிர்ந்தால் விட்டுவிடும். நாலு வருடமும் அவள் வாரைக் குற்றம் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் முடிச்சோடு மல்லுக்கட்டிய நானும் பக்கத்தில் இருந்த பக்கிளைப் பார்க்கவில்லை. படித்த பையன்.

இழுப்பறையில் பக்கிள் இருந்தது. மாற்றினேன். இரண்டு டப்பாவையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுக்கச் சொன்னேன். மாஸ்க் முகத்தோடு ஒட்டிச் சுருங்கி அப்படியே நின்றது. குனியச் சொன்னேன். பத்து முறை குனிந்தாள். நழுவவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தமும் மூன்று நிமிடம்.

“போலாமா சார்? கோடு பாதியில நிக்குது.”

“போங்க. மறுபடி நழுவினா இங்க வாங்க. யார்கிட்டயும் கட்டிக்காதீங்க.”

போனாள். மச்சான் கதவோரம் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

“மூணு நிமிஷம்தானா?” என்றார்.

“மூணு நிமிஷம்தான்.”

“அன்னைக்கு அவளையும் நிறுத்தியிருக்கலாம்.”

“அவ நின்னிருக்க மாட்டா மச்சான்.”

அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று தெரியவில்லை. “ஆமா. நின்னிருக்க மாட்டா,” என்றார். “என் பொண்டாட்டி ராத்திரி உன்னச் சாப்பிட வரச் சொன்னா. வா. சுவத்த நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

வருகிறேன் என்றேன். அவர் போனார். போகிற போக்கில் கழுத்தில் தொங்கிய தன் மாஸ்க்கைக் கழற்றி, பேச்சு நினைவிலேயே, ஆணியில் மாட்டினார்.

நான் இழுப்பறையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்க்கை எடுத்துப் பையில் போட்டேன். ஆணியைப் பிடித்து ஆட்டினேன், இழுத்தேன். சுவரில் கொஞ்சம் சுண்ணாம்போடு கையில் வந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்த ஆணி. பத்து விநாடி ஆகவில்லை.

மறுநாள் காலை அவருடைய மாஸ்க் ஸ்விட்ச் பெட்டியின் கைப்பிடியில் தொங்கியது.